மாட்டுக்கு நெறி கட்டினால்: ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு இரத்தம்



நம் குழுக்களில் அதிகம் பேர் கடன் கேட்பது கறவை மாட்டுக்குத்தான். மாடு நன்றாக இருந்தால் பால் காசில் தவணை தானாகக் கட்டுப்பட்டுப் போகிறது. மாடு படுத்துவிட்டால் வீடே படுத்துவிடுகிறது. அதனால்தான் இந்த இதழின் கால்நடைப் பாடத்துக்கு ஒரு நோயை எடுத்துக்கொண்டேன். மாட்டின் இரத்த வெள்ளணுவில் வரும் புற்றுநோய் அது. நம் பக்கத்தில் அரிதாகத்தான் வரும்.

"அரிதா வர்ற நோயைப் பத்தி நமக்கு எதுக்குப் பாடம்?" என்று கேட்பீர்கள். வெளியே பார்த்தால் இந்த நோய், நம் ஊரில் அடிக்கடி வரும் உண்ணிக் காய்ச்சல் மாதிரியே இருக்கும். இரண்டிலும் நெறி கட்டும், பால் குறையும், மாடு இளைக்கும். உண்ணிக் காய்ச்சலைப் புற்றுநோய் என்று நினைத்தால், பிழைக்க வேண்டிய மாடு அடிமாட்டுக்குப் போய்விடும். புற்றுநோயை உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்தால், பிழைக்காத மாட்டுக்கு ஊசி மேல் ஊசி போட்டுக் கடன்தான் ஏறும்.

நம் உறுப்பினர்கள் வீட்டில் இரண்டும் நடந்திருக்கிறது. முதலாவதில் தப்பித்தோம். இரண்டாவதில் தவறு நடந்தது. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. மறைக்காமல் எழுதுகிறேன். இருவரும் பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் ஊர், பெயர் எதுவும் எழுதவில்லை.

முதல் மாடு

ஒரு அக்காவின் கலப்பின மாடு. கன்று ஈன்று இரண்டு மாதம். குழுக் கடன் 45,000 ரூபாயில் வாங்கியது. ஒரு நாள் சாயங்காலம் தீனி எடுக்கவில்லை. மறுநாள் பார்த்தால் முன்னங்கால் தோளுக்கு முன்னால், கழுத்து ஓரத்தில், தேங்காய் அளவுக்கு வீக்கம். பால் பாதியாகிவிட்டது.

குழு ஊக்குநர் எனக்குப் போன் செய்தார். நான் போனபோது வாசலில் அடுப்பு மூட்டி இரும்புக் கம்பியைக் காய வைத்திருந்தார்கள்.

"கண்ணு, சூடு போட்டா வீக்கம் இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க. இது புத்து நோவு, வந்த விலைக்குத் தள்ளிடுன்னு வியாபாரி சொல்றாரு. 9,000 தர்றேங்கறாரு. நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்று அந்த அக்கா அழுதார்.

"ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம்க்கா. மாட்டோட இரத்தம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றேன். கம்பியைத் தண்ணீரில் போட்டோம்.

கால்நடை மருத்துவர் வந்தார். முதலில் ஆசனவாயில் காய்ச்சல்மானி வைத்துப் பார்த்தார். 106 டிகிரி. கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. மடிப் பக்கத்திலும் வாலடியிலும் உண்ணி. காது நுனியில் ஊசியால் லேசாகக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்தார். வீங்கிய நெறியிலும் ஊசி குத்தி உறிஞ்சி இன்னொரு கண்ணாடியில் தடவினார். அதன் பிறகுதான் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது: உண்ணியால் வரும் தைலேரியா காய்ச்சல். அதற்கென்றே உள்ள மருந்தைப் போட்டார்கள். நாலாம் நாள் மாடு அசை போட்டது. மூன்று வாரத்தில் பால் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்தது. 9,000 ரூபாய்க்குப் போக இருந்த மாடு இன்றைக்கும் அந்தக் கொட்டகையில் நிற்கிறது.

நெறி ஏன் கட்டுகிறது?

நம் கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் கட்டும். மாட்டுக்கும் அப்படித்தான்.

இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு என்று இரண்டு முக்கிய அணுக்கள் உண்டு. சிவப்பணு மூச்சுக்காற்றைச் சுமந்து உடம்பெல்லாம் கொண்டு போகும். வெள்ளணு காவல்காரர் மாதிரி. கிருமி நுழைந்தால் எதிர்த்து நிற்கும். இந்தக் காவல்காரர்கள் தங்கும் சாவடிதான் நெறி. மருத்துவர்கள் அதை நிணநீர்க் கணு என்பார்கள். கிருமி வந்தால் அங்கே வெள்ளணுக்கள் பெருகும், சாவடி வீங்கும்.

மாட்டில் நம் கைக்கு எட்டும் நெறிகள் நான்கு இடத்தில் உண்டு: தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்தொடைக்கு முன்னால் விலா மடிப்பில், மடிக்குப் பின்னால் மேலே. நல்ல மாட்டில் இந்த இடங்களைத் தினமும் தடவிப் பழகினால், வீங்கும்போது உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

வீக்கம் இருப்பதைக் கை சொல்லும். அது எதனால் வந்தது என்பதைக் கை சொல்லாது. இந்தப் பாடம் முழுக்க இதுதான் விஷயம்.

உண்ணிக் காய்ச்சல் செய்யும் தந்திரம்

தைலேரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஒரு வகை உண்ணி கடிக்கும்போது அது மாட்டின் உடம்புக்குள் போகிறது. நாட்டு மாட்டைவிட ஜெர்சி, பிரீசியன் கலப்பின மாடுகளை இது கடுமையாகத் தாக்கும்.

உள்ளே போன கிருமி நேராக வெள்ளணுவுக்குள் குடியேறும். காவல்காரர் வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்துகொண்ட கதை. புகுந்ததோடு விடாது. அந்த வெள்ளணுவை ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கச் செய்யும். வெள்ளணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் கிருமியும் கூடவே பிரியும். புற்றுநோயில் அணுக்கள் எப்படிக் கட்டுக்கு அடங்காமல் பெருகுமோ அப்படியே பெருகும். அதனால்தான் நெறி அவ்வளவு பெரிதாகிறது. "புத்து நோவு" என்று வியாபாரி சொன்னது வெறும் பொய் என்று சொல்ல முடியாது. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சரியான மருந்தைக் கொடுத்து உள்ளே இருக்கும் கிருமியைக் கொன்றுவிட்டால், அந்த வெள்ளணு பெருகுவதை நிறுத்திவிடும். திருடன் போனால் வீட்டுக்காரர் பழைய ஆளாகிவிடுவார். அந்த மருந்தின் பெயர் பூபார்வாகுவோன். விலை அதிகம்தான். ஆரம்பத்திலேயே போட்டால் மாடு பிழைக்கும். சிவப்பணுவெல்லாம் அழிந்து மாடு வெளுத்து மூச்சு வாங்கும் நிலையில் போட்டால் பிழைப்பது கஷ்டம்.

இரண்டாவது மாடு

முதல் மாடு பிழைத்து எட்டு மாதம் கழித்து இன்னொரு ஊரிலிருந்து ஒரு உறுப்பினர் போன் செய்தார். வயது ஆறு, நாலாவது ஈத்து. "மேடம், எங்க மாட்டுக்கும் அந்த அக்கா மாட்டுக்கு வந்த மாதிரியே நெறி கட்டியிருக்கு" என்றார்.

நான் மாட்டைப் பார்க்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "அது உண்ணிக் காய்ச்சல்தாங்க. அதே ஊசியைப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாடு பிழைத்த தைரியத்தில் நானே மருத்துவர் ஆகிவிட்டேன்.

அவர் என் பேச்சை நம்பினார். ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒருவரை வைத்து அந்த ஊசியைப் போட்டார். இறங்கவில்லை. இன்னொரு முறையும் போட்டார். கைமாற்று வாங்கிய பணம் போனது. அதோடு 20 நாளும் போனது.

பிறகு நான் நேரில் போனேன். பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. இரண்டு தோளிலும் நெறி. விலா மடிப்பிலும் நெறி. வலது கண் வெளியே பிதுங்கி நின்றது. எலும்பு தெரிய இளைத்திருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பில் சூடே இல்லை.

அன்றைக்கே கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனோம். காய்ச்சல்மானி 101.5 டிகிரி காட்டியது. மாட்டுக்கு அது சாதாரணச் சூடு. இரத்தத் தடவலில் கிருமி எதுவும் தெரியவில்லை. வெள்ளணு எண்ணிக்கை 11,000. அதுவும் அளவுக்குள்தான். "அப்ப நோயே இல்லையா டாக்டர்?" என்று அந்த உறுப்பினர் ஆசையாகக் கேட்டார்.

மருத்துவர் நெறியில் ஊசி குத்தி உறிஞ்சி, கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தார். சாதாரண நெறியில் சின்னதும் பெரியதுமாகப் பலவகை வெள்ளணு கலந்திருக்கும். இதில் இருந்தது ஒரே வகை. முதிராத, பெரிய பெரிய வெள்ளணுக்கள், பல அணுக்கள் பிரிந்துகொண்டிருந்தன. என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்.

"இது நிணநீர்ப் புற்று. இதுக்கு மாட்டுல வைத்தியம் கிடையாதும்மா. 20 நாள் முன்னாடி வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. ஆனா அந்த ஊசிக் காசாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

வெள்ளணுப் புற்று என்றால் என்ன?

உண்ணிக் காய்ச்சலில் திருடன் உள்ளே புகுந்து வீட்டுக்காரரை ஆட்டிவைக்கிறான். புற்றுநோயில் வீட்டுக்காரரே புத்தி மாறிப்போகிறார். துரத்துவதற்கு உள்ளே யாரும் இல்லை. அதனால்தான் மருந்து வேலை செய்வதில்லை.

வளர்ந்த மாடுகளில் இந்தப் புற்று பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிறது. மாட்டு இரத்தப் புற்று வைரஸ் என்று சொல்லலாம். 1969இல் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த வைரஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• வைரஸ் உள்ள மாடுகளில் பெரும்பாலானவை கடைசி வரை ஆரோக்கியமாகவே இருக்கும். பால் கறக்கும், கன்று போடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாடுகளுக்கு இரத்தத்தில் வெள்ளணு கூடி நிற்கும். கட்டியாக மாறுவது 100 மாட்டில் 5க்கும் குறைவு.

• கட்டி வருவது பெரும்பாலும் 3 வயதுக்கு மேல்தான். 4 முதல் 8 வயதில் அதிகம்.

• கட்டி எங்கே வருகிறதோ அதற்குத் தகுந்த மாதிரி தொந்தரவு இருக்கும். கண்ணுக்குப் பின்னால் வந்தால் கண் பிதுங்கும். முதுகுத் தண்டை அழுத்தினால் பின்னங்கால் இழுக்கும். வயிற்றில் வந்தால் சாணி கருப்பாக, தார் மாதிரி வரும். கருப்பையில் வந்தால் சினை நிற்காது. இதயத்தில் வந்தால் தாடைக்கு அடியில் நீர் கோர்க்கும்.

• 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளிலும், 2 வயதுக்கு உட்பட்ட கிடாரிகளிலும் இந்த வைரஸ் இல்லாமலே வரும் வகைகள் உண்டு. அவை இன்னும் அரிது.

• வைரஸ் முக்கியமாக இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது. ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போடுவது, கொம்பு வெட்டும் கருவி, காது குத்தும் கருவி, சினைப் பரிசோதனைக்குப் போடும் கையுறை ஆகியவற்றைக் கழுவாமல் அடுத்த மாட்டுக்குப் பயன்படுத்துவது எல்லாம் ஆபத்து. கடிக்கும் ஈக்களாலும், தாயின் சீம்பால், பால் வழியாகவும் பரவலாம்.

டென்மார்க், பிரிட்டன் போன்ற நாடுகள் மந்தை மந்தையாகப் பரிசோதித்து, வைரஸ் உள்ள மாடுகளைப் பிரித்து நீக்கி, இந்த நோயை ஒழித்துவிட்டன. பிரிட்டன் 1999இல் இந்நோய் இல்லாத நாடானது. அங்கேயும் மருந்தால் ஒழிக்கவில்லை. பரிசோதனையால்தான் ஒழித்தார்கள்.

"புத்து வந்த மாட்டைத் தொட்டா நமக்கு ஒட்டுமா?" என்று கூட்டத்தில் பலர் கேட்டார்கள். தண்ணீர் காட்டினால், சாணி அள்ளினால் புற்றுநோய் ஒட்டாது. பாலைக் காய்ச்சினால் இந்த வைரஸ் அழிந்துவிடும். எந்த மாட்டுப் பாலையும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நோயில் இளைத்த மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

இந்தப் படிகளைத் தெரிந்துகொண்டால், "இந்தப் பரிசோதனை செய்யலாமா டாக்டர்?" என்று நாமே கேட்கலாம்.

1. விசாரணை: மாட்டின் வயது, எத்தனையாவது ஈத்து, எப்போது தீனி குறைந்தது, எந்த ஊசி ஏற்கெனவே போட்டது என்பதை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். ஊரில் ஊசி போட்டதை மறைத்தால் பரிசோதனையே தப்பாகிவிடும்.

2. காய்ச்சல்மானி: மாட்டின் சாதாரணச் சூடு 101.5 டிகிரியை ஒட்டி இருக்கும். 104க்கு மேல் போய், நெறியும் கட்டியிருந்தால் முதலில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகப்பட வேண்டும். காய்ச்சலே இல்லாமல் பல இடத்தில் நெறி கட்டினால் வேறு நோயைத் தேட வேண்டும். காதைத் தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்ல முடியாது.

3. இரத்தத் தடவல்: காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் இன்னொரு கண்ணாடியின் ஓரத்தால் மெல்லிசாக இழுத்துக் காய வைப்பார்கள். நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தைலேரியா இருந்தால் சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம், காற்புள்ளி மாதிரி தெரியும்.

4. இரத்த எண்ணிக்கை: உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாயில் இரத்தம் எடுப்பார்கள். மாட்டுக்கு வெள்ளணு சாதாரணமாக 4,000 முதல் 12,000 வரை இருக்கும். இதற்கு மேல் பல மடங்கு போனால் இரத்தப் புற்றைச் சந்தேகப்படுவார்கள். ஆனால் நம் இரண்டாவது மாட்டில் பார்த்த மாதிரி, இரத்தம் சாதாரணமாக இருக்கும்போதே நெறியில் புற்று இருக்கலாம். அதனால் இதோடு நிறுத்தக் கூடாது.

5. நெறியில் ஊசி: வீங்கிய நெறியில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பது. தைலேரியா என்றால் வெள்ளணுவுக்குள் நீல நிறப் பொடிகள் தெரியும். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தாரே ராபர்ட் கோக், அவர் பெயரால் இதை 'கோக் நீல உருண்டை' என்கிறார்கள். புற்று என்றால் முதிராத பெரிய வெள்ளணுக்கள் கூட்டமாகத் தெரியும். இரண்டு நோயையும் பிரித்துக் காட்டும் முக்கியமான பரிசோதனை இதுதான். மாட்டுக்கு ஊசி போடும் வலிதான், அதற்கு மேல் இல்லை.

6. சதைத் துண்டு: சந்தேகம் தீராவிட்டால் நெறியில் சின்னத் துண்டு எடுத்து பார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

7. இரத்த நீர்ப் பரிசோதனை: வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு மாட்டுக்கு இருந்தால் கொட்டகையில் உள்ள மற்ற மாடுகளுக்கும் பார்க்க வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சத்தே பரிசோதனையில் தெரியும் என்பதால், கன்று பெரிதான பிறகுதான் பார்க்க வேண்டும்.

இந்த ஏழு படியும் எல்லா மாட்டுக்கும் தேவைப்படாது. முதல் மூன்றை நம் ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே கேட்கலாம். மற்றவற்றுக்கு மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு உண்டு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாட்டைக் கொண்டுபோக முடியாவிட்டால் 1962 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

அந்த மாட்டை என்ன செய்தோம்?

முடிவு தெரிந்த மறுநாளே வியாபாரி வந்துவிட்டார். "கறவை மாடுன்னு சொல்லி வெளியூர்ல தள்ளிடலாம், 15,000 தர்றேன்" என்றார். கடனில் 22,000 பாக்கி இருந்தது. அந்த உறுப்பினர் குழுக் கூட்டத்தில் எழுந்து, "வித்துட்டா பாதிக் கடன் அடையும். நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வயதான ஒரு அம்மா கேட்டார்: "வாங்கப் போறவளும் நம்மள மாதிரி குழுவுல கடன் வாங்கித்தானே வாங்குவா?"

அதற்கு மேல் விற்கும் பேச்சே எழவில்லை. கறவை மாடு என்று விற்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பாக்கித் தவணையை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். என் பேச்சைக் கேட்டுப் போட்ட இரண்டு ஊசிக்கான பணத்தை நான் கொடுத்தேன். வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் மாடு இறந்தது. காதில் வில்லை இருந்தது. காப்பீட்டு அலுவலகத்துக்கு அன்றே தகவல் சொன்னோம். மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று கொடுத்தார். முன்பு எடுத்த பரிசோதனைச் சீட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தோம். நாலு மாதம் அலைந்த பிறகு பணம் வந்தது. கடன் அடைந்தது. சீட்டுகள் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் அலைந்திருப்போம்.

இரத்த நீர்ப் பரிசோதனையில் அந்த மாட்டுக்கு வைரஸ் இருந்தது தெரிந்தது. அதே கொட்டகையில் இருந்த 14 மாதக் கிடாரிக்கு இல்லை. அந்தக் கிடாரி இப்போது முதல் சினையில் இருக்கிறது. இந்த வீட்டில் ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை இன்னொரு மாட்டுக்குப் போட விடுவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

• வாரம் ஒரு முறை நான்கு இடத்து நெறியையும் தடவிப் பாருங்கள்.
• குழுவுக்கு ஒரு காய்ச்சல்மானி வாங்கி வையுங்கள். வைக்கும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.
• நெறி கட்டினால் அன்றே மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஊசி போடும் முன் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம்.
• மருந்து போட்டால், எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று கேளுங்கள்.
• ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. கொம்பு, காது வேலைக்கான கருவியைக் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.
• கொட்டகைச் சுவர் வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணி அங்கேதான் முட்டையிடும். தைலேரியாவுக்குத் தடுப்பூசியும் உண்டு. கலப்பினக் கன்றுக்குப் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.
• காது வில்லை விழுந்தால் உடனே தெரிவித்து மாற்றுங்கள். பரிசோதனைச் சீட்டுகளைக் கடன் புத்தகத்தோடு வையுங்கள்.

செய்யக் கூடாதவை

• சூடு போடாதீர்கள். நெறியைக் கீறி விடாதீர்கள். உள்ளே சீழ் இல்லை, வெள்ளணுதான் இருக்கிறது. புண்தான் மிஞ்சும்.
• பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கேட்ட மருந்தை உங்கள் மாட்டுக்குப் போடாதீர்கள். என்னைப் போன்ற களப்பணியாளர் போனில் சொன்னாலும் போடாதீர்கள்.
• பரிசோதிக்காமல் "புத்து" என்று யார் சொன்னாலும் மாட்டை விற்காதீர்கள்.

கோழி வளர்ப்பவர்களுக்கு

கோழிக்கும் வெள்ளணுப் புற்று உண்டு. மாரெக் நோய் என்று பெயர். 1907இல் இதை முதலில் எழுதியவர் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசேப் மாரெக். இதுவும் வைரஸால் வருவது. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு கோழி படுத்துவிடும். ஈரலில் கட்டி வரும். வந்தால் வைத்தியம் இல்லை. ஆனால் 1970ஐ ஒட்டி இதற்குத் தடுப்பூசி வந்துவிட்டது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசியே கோழிக்கு வந்ததுதான். குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டும். குஞ்சு வாங்கும்போது, "மாரெக் தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டு வாங்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. உங்கள் ஊரில் நெறி கட்டிய மாட்டுக்கு இதுவரை என்ன செய்தார்கள்? அதில் எத்தனை மாட்டுக்கு இரத்தம் பார்த்தார்கள்?
2. குழுவில் கடன் வாங்கிய மாடுகளில் காது வில்லை இல்லாதவை எத்தனை?
3. நோயுள்ள மாடு என்று தெரிந்தும் அதை மறைத்து ஒரு உறுப்பினர் விற்றால் குழு என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழு எடுக்கும் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

மீண்டும் அடுத்த பாடத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்